உபின் தீவில் ஐந்து ஞாயிறுகளும் ஒரு வேரும்

போன செப்டம்பரில் பழைய மவுண்டன் பைக் ஒன்று வாங்கினேன். 29 அங்குலச் சக்கரம், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன். 'ஹார்ட்டெயில்' என்பார்களே, அந்த வகை. "ரெண்டு தடவைதான் உபினுக்குப் போயிருக்கு" என்றார் விற்றவர். செயினைப் பார்த்தால் இருநூறு தடவை போய் வந்தது போலிருந்தது. சரி, விலை ஒத்துவந்தது, வாங்கிவிட்டேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் வரப்பில், கேரியரில் புல்லுக்கட்டோடு சைக்கிள் ஓட்டி வளர்ந்தவன் நான். காட்டுப்பாதை என்ன பெரிய விஷயம் என்ற மிதப்பு இருந்தது. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் அந்த மிதப்பு கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் பம்போட் என்கிற சின்ன மோட்டார் படகு கிளம்பும். சைக்கிளுக்குத் தனிக் காசு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீவு. ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய இடம். பெட்ரா பிராங்கா என்ற பாறைத் தீவில் 1851இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் போனது இங்கிருந்துதான். இப்போது கற்குழிகளில் தண்ணீர் நிற்கிறது. அப்படி ஒரு குழியைச் சுற்றித்தான் கேத்தாம் மவுண்டன் பைக் பார்க். 2008இல் திறந்தது. மொத்தம் 8 கிலோமீட்டர் அளவுக்குப் பாதைகள். நீலச் சதுரம் போட்டிருந்தால் சுமாரான கஷ்டம், கறுப்பு வைரம் என்றால் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் என்றால் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போகலாம்.

முதல் ஞாயிறு நீலச் சதுரத்தில்தான் போனேன். டயரில் 40 பிஎஸ்ஐ காற்று. ரோட்டுக்கு அடிப்பது போல விறைப்பாக அடித்திருந்தேன். சரளைக் கல்லில் சைக்கிள் தவளை மாதிரி குதித்தது. ஒவ்வொரு குதிக்கும் கை பிரேக்கைத் தேடியது. ஒரு சின்ன இறக்கம், அதன் அடியில் வலப்பக்கத் திருப்பம். திருப்பத்தில் ஒரு வேர், குறுக்காக இல்லாமல் சாய்வாகக் கிடந்தது. முந்தின இரவு மழை. வேரைப் பார்த்தேன், பயந்தேன், முன் பிரேக்கைப் பிடித்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது வாயில் மண் ருசி. முழங்கையில் தோல் போனது, வேறொன்றும் இல்லை.

இரண்டாவது ஞாயிறு டயர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டி, பெரிய பெரிய கட்டை வைத்த புது டயர் இரண்டு மாட்டிக்கொண்டு போனேன். காசு போனதுதான் மிச்சம். அதே வேர், அதே விழுகை. இந்த முறை இடது பக்கம்.

புது டயர் தேவையில்லை, காற்றைக் குறைத்தால் போதும் என்று அப்புறம்தான் புரிந்தது. காற்று குறைந்தால் டயர் தரையில் பரவி உட்காரும், கல்லின் மேல் குதிக்காமல் கல்லை உள்வாங்கிக்கொள்ளும். என் எடை 74 கிலோ. 40இலிருந்து 32, அங்கிருந்து 28 என்று இறக்கிக்கொண்டே வந்தேன். 28இல் சைக்கிள் வேறு சைக்கிளாக மாறியது. அந்த மயக்கத்தில் மூன்றாவது ஞாயிறு 24க்கு இறக்கினேன். ஒரு கூர்க்கல்லில் 'டக்' என்று ரிம் அடித்த சத்தம். இறங்கிப் பார்த்தால் டியூபில் அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை. டயரும் கல்லும் சேர்ந்து டியூபை ரிம்மோடு வைத்து நசுக்கினால் விழும் ஓட்டை இது. இரண்டு பல் பதிந்த மாதிரி இருப்பதால் பாம்புக் கடி என்றே பெயர். பையில் இருந்த டியூபை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு குரங்கு என் பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே இரண்டு சப்பாத்தி. உபின் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் சரசரப்பு போதும், எங்கிருந்தாலும் வந்துவிடும்.

அதன் பிறகு டியூபையே கழற்றிவிட்டேன். ரிம்முக்குள் நாடா ஒட்டி, டயருக்குள் ஆளுக்கு 100 மில்லி சீலன்ட் (சின்ன ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றி, டியூப்லெஸ் ஆக்கினேன். டயர் விளிம்பு ரிம்மில் போய் உட்காரக் கைப்பம்பு போதவில்லை. கடையில்தான் ஏற்றினேன். இப்போது முன்னால் 22, பின்னால் 24. நசுங்க டியூபே இல்லாததால் இவ்வளவு இறக்க முடிகிறது. இந்த வெக்கையில் சீலன்ட் சீக்கிரம் காய்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும்.

காற்றைச் சரிசெய்தும் அந்த வேர் மட்டும் மசியவில்லை. நான்காவது ஞாயிறு அங்கே நின்று முறைத்துக்கொண்டிருந்தபோது, அறுபது வயது இருக்கும், தமிழர் ஒருவர் சைக்கிளோடு வந்தார். பிறந்து வளர்ந்ததெல்லாம் சிங்கப்பூர்தானாம். நான் விழுவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, வேரைப் பாக்காதீங்க. வேருக்கு அந்தப் பக்கம் எங்க போகணுமோ அங்க பாருங்க" என்றார்.

"பிரேக் பிடிக்காம எப்படிண்ணே?"

"பிடிங்க. வேருக்கு முன்னாடியே பிடிச்சு முடிச்சிடுங்க. வேர் மேல ஏறும்போது விரலை எடுத்துடணும்."

யோசித்தால் விஷயம் எளிது. டயருக்கு இருக்கும் பிடிமானம் ஒன்றுதான். அதை பிரேக்குக்குச் செலவழித்துவிட்டால் பக்கவாட்டில் வழுக்காமல் நிற்க மிச்சம் எதுவும் இருக்காது. ஈர வேரில் இருப்பதே கொஞ்சம். அதோடு வேர் சாய்வாகக் கிடந்தால் சக்கரத்தைத் தன்னோடு இழுத்துப் போகும். அதனால் இறக்கத்தின் மேலேயே, நல்ல மண்ணில், வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். திருப்பத்தை அகலமாக எடுத்து, வேரை முடிந்த அளவு நேர்க்குத்தாகச் சந்திக்க வேண்டும். பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில், சீட்டிலிருந்து எழுந்து, முழங்கை மடக்கி, முன் சக்கரம் வேரைத் தொடும் நேரம் ஹேண்டில்பாரில் பாரத்தைக் குறைத்து விட்டுவிட வேண்டும். எழுத இவ்வளவு. நடப்பது ஒரு நொடியில். அன்றைக்கு ஆறு முறை முயன்று ஒரு முறை தாண்டினேன். அண்ணன் கைதட்டவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மதியம் தீவின் கிழக்கு ஓரச் சதுப்புநிலமான செக் ஜாவா பக்கம் போனேன். அங்கே சைக்கிளை வாசலில் பூட்டிவிட்டு நடக்க வேண்டும், மரநடைபாதையில் அனுமதி இல்லை. 2001இல் கடலைத் தூர்க்கும் திட்டத்தை ஒத்திவைத்ததால் தப்பிய இடம். நடைபாதை 2007இல் வந்தது. நீர் வற்றிய நேரம். அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றில் ஆணி அடித்தது போல் நின்றன. ஒருவகை இறால் சேற்றை உள்ளிருந்து தள்ளித் தள்ளி முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டியிருந்தது. காலையிலிருந்து வேர்களைத் திட்டிக்கொண்டிருந்தவனுக்கு இத்தனை வேரை ஒரே இடத்தில் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. தலைக்கு மேல் இரண்டு இருவாட்சி பறந்தன. இந்தப் பறவை 1990களில் உபினில்தான் மறுபடி தலைகாட்டியது.

சதுப்பு ஓரப் பாதையில் சேறு வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சேற்றுக்குள் போவதற்கு முன்பே லேசான கியருக்கு மாற்றி, பாரத்தைச் சற்றுப் பின்னால் வைத்து, நிறுத்தாமல் மிதிப்பது. நடுவில் கியர் மாற்றினால் செயின் அலறும். ஹேண்டில்பாரைத் திருப்பினால் முன் சக்கரம் புதையும்.

கழுவுவதுதான் பெரிய பாடு. உப்புச் சேறு காய்ந்தால் செயின் துருப்பிடிக்கும். அடுக்குமாடி வீட்டில் ஹோஸுக்கு எங்கே போவது? குளியலறைதான். அந்தச் சேற்றுக்கு அழுகிய முட்டை வாடை. "ஏங்க, இது பாத்ரூமா, நண்டு வளையா?" என்றாள் மனைவி. மலாயில் கேத்தாம் என்றாலே நண்டுதான் என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அன்று அவசரத்தில் ஸ்ப்ரே எண்ணெயைச் செயினில் அடித்தபோது பின் ரோட்டரிலும் (பிரேக் பேடுகள் கவ்வும் வட்டத் தகடு) பட்டுவிட்டது. அடுத்த நாள் பிரேக் பிடித்தால் பன்றி கத்துகிற சத்தம், வண்டியும் நிற்கவில்லை. ரோட்டரை ஆல்கஹால் போட்டுத் துடைத்தேன், வந்தது. பேடுகள் எண்ணெயைக் குடித்துவிட்டன. உப்புத்தாளால் தேய்த்தும் பயனில்லை, புதிது மாற்றினேன். இப்போது எண்ணெய் சொட்டுப் பாட்டில்தான். ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு, பிறகு துணியால் நன்றாகத் துடைப்பு.

ஐந்தாவது ஞாயிறு டிசம்பர். மழைக்காலம், பாதை கூழாகிக் கிடந்தது. நான்கு சுற்றுப் போனேன். முதல் மூன்றிலும் வேரைத் தாண்டினேன், மூன்றாவதில் தாண்டியதையே கவனிக்கவில்லை. நான்காவதில் கை மறுபடி முன் பிரேக்குக்குப் போனது. கால் ஊன்றி, விழாமல் தப்பித்தேன். கறுப்பு வைரப் பாதையின் வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

திரும்பும் படகுக்கு ஒன்பது பேர்தான் சேர்ந்திருந்தார்கள். இன்னும் மூன்று பேருக்காகக் காத்திருந்தபோது முன் டயரில் காற்றை அளந்தேன். 20 காட்டியது. காலையில் 22 வைத்திருந்தேன். சீலன்ட் காய்ந்துவிட்டதா, வால்வில் கசிவா, வீட்டுக்குப் போய்த்தான் பார்க்கணும்.