பைதானை மூடும்போது மிஞ்சும் நினைவகம்: ஒரு சி மாட்யூலைச் சரிசெய்த விதம்

நிரல் முடிந்தால் நினைவகத்தை இயங்குதளம் எப்படியும் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே மூடும் நேரத்தில் விடுவிக்கப்படாமல் மிஞ்சும் நினைவகத்தை, அதாவது லீக்கைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் சிபைதானை (சி மொழியில் எழுதப்பட்ட, பைதானின் வழக்கமான இயக்கி) வேறொரு மென்பொருளுக்குள் வைத்து, ஒரே புராசஸில் திரும்பத் திரும்பத் தொடங்கி மூடினால் ஒவ்வொரு சுற்றின் மிச்சமும் சேர்ந்துகொண்டே போகும். சி மொழியில் எழுதிய எங்கள் பைதான் மாட்யூலில் நடந்தது இதுதான்.

முதல் வேலை அளப்பது. டீபக் பில்டில் (பிழை தேடுவதற்கான பைதான் பதிப்பு) ‘ஷோரெஃப்கவுன்ட்’ எக்ஸ்-ஆப்ஷனைக் கொடுத்தால், மூடியபின் மிஞ்சிய ரெஃபரன்ஸ்களின் (பொருள்களைப் பிடித்திருக்கும் சுட்டல்களின்) எண்ணிக்கை தெரியும். வெற்று நிரலை ஒருமுறை, மாட்யூலை இம்போர்ட் மட்டும் செய்து ஒருமுறை ஓட்டினோம். வித்தியாசம் நம்முடையது. எந்த வரி என்று காட்ட வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவி வேண்டும். பைதானின் சொந்த அலொகேட்டர் (நினைவகம் ஒதுக்கும் பகுதி) பெரிய துண்டுகளாக (3.10 முதல் 1 எம்பி) வாங்கிப் பிரித்துக் கொடுப்பதால், ‘பைதான்மேலாக்’ சூழல் மாறியை ‘மேலாக்’ என்று வைக்காவிட்டால் தடயம் மறைந்துவிடும். ஸ்டாட்டிக் பாயின்டர் (புராசஸ் முடியும்வரை இருக்கும் சுட்டி) பிடித்திருக்கும் நினைவகம் ‘ஸ்டில் ரீச்சபிள்’ (இன்னும் எட்டக்கூடியது) கணக்கில் போய்விடும். எல்லா லீக் வகைகளையும் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மூலகாரணமும் அந்த ஸ்டாட்டிக் பாயின்டர்கள்தான். யாரும் விடுவிக்காத பொருள்களை அவை பிடித்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் மாட்யூல் ஸ்டேட்டுக்கு (மாட்யூலோடு பிறந்து அதனோடு மறையும் நினைவகம்) மாற்றி, டிராவர்ஸ் (பிடித்திருப்பவற்றைக் காட்டுவது), கிளியர் (அவற்றை விடுவது), ஃப்ரீ (மிச்சத்தை விடுவிப்பது) என்ற மூன்று ஃபங்ஷன்களையும் எழுதினோம். மாட்யூல் இரு கட்டத் தொடக்கத்துக்கு (முதலில் உருவாக்கம், பிறகு நிரப்புதல்; 3.5 முதல் உண்டு) மாறியது, நிரலிலேயே நிலையாக இருந்த ஸ்டாட்டிக் டைப்புகள் ஓட்டத்தின்போது உருவாகும் ஹீப் டைப்புகளாயின.

அதிகம் சறுக்குவது இந்த இடத்தில். ஹீப் டைப்பின் ஒவ்வொரு பொருளும் தன் டைப்பின்மேல் ஒரு ரெஃபரன்ஸ் வைத்திருக்கும். டீஅலாக்கில் (பொருளை அழிக்கும் ஃபங்ஷன்) முதலில் டைப்பை ஒரு மாறியில் எடுத்துவைத்து, பொருளை ஜிசி (சுழல்களைக் கண்டுபிடித்து அழிக்கும் குப்பை சேகரிப்பான்) கண்காணிப்பிலிருந்து நீக்கி, உள்ளடக்கத்தை விடுவித்து, பொருளை ஃப்ரீ செய்தபின் கடைசியாக டைப்பை டெக்ரெஃப் செய்ய (ரெஃபரன்ஸ் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்க) வேண்டும். வரிசை மாறினால் விடுவித்த நினைவகத்தைத் தொட்டுவிடுவோம். டெக்ரெஃப் செய்ய மறந்தால் டைப் சாகாது, அது பிடித்திருக்கும் மாட்யூலும் சாகாது. 3.9 முதல் டிராவர்ஸும் டைப்பை விசிட் செய்தாக வேண்டும். இல்லையென்றால் பொருள், டைப், மாட்யூல் ஒன்றையொன்று பிடித்திருக்கும் சுழலை ஜிசி அவிழ்க்காது.

சரிபார்க்க, தொடங்கி மூடுவதை 20 சுற்று ஓட்டுங்கள். முதல் சுற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அடுத்தடுத்த சுற்றுகளில் மிஞ்சும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை ஏறக்கூடாது. அப்படியும் ஏறினால் டீமன் த்ரெட்களை (பைதான் மூடும்போது முடியும்வரை காத்திருக்காத பின்னணி இழைகள்) பாருங்கள். மூடும்போது அவை பாதியில் நின்றுபோவதால் அவற்றின் ஸ்டாக்கில் இருக்கும் ரெஃபரன்ஸ்கள் விடுபடுவதேயில்லை. அவற்றுக்கு நிறுத்தச் சைகை கொடுத்து, மூடும் முன்பே ஜாயின் செய்துவிடுங்கள் (முடியும்வரை காத்திருங்கள்).