காசிமேட்டுப் பூனைகளும் தடைக்காலமும்

ஏப்ரல் 14

நாளையிலிருந்து ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மீன் இனம் பெருகுவதற்காக வருஷா வருஷம் விடுகிற தடைக்காலம். ஃபைபர் போட்டுகள் மட்டும் போய்வரும். அது கொண்டுவருகிற மீனில் எறிவதற்கு என்ன மிஞ்சும்? மார்க்கெட்டில் மீன் வெட்டும் அக்காமார் ஒதுக்கிப் போடும் தலையும் குடலும்தான் இந்தப் பக்கத்துப் பூனைகளுக்கு வருஷம் பூராவும் சாப்பாடு. என்னைப் போன்றவர்கள் சாயங்காலம் தட்டில் வைப்பதெல்லாம் நொறுக்குத்தீனிக் கணக்கு. இனி இரண்டு மாதம் அப்படி இல்லை.

கோழிக்கடை பாயிடம் ஈரலும் தோலும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். காசு வேண்டாம் என்றார். கொடுத்தேன். ஓசியில் வாங்கினால் பத்து நாளில் மறந்துவிடுவார்.

ஏப்ரல் 21

பக்கத்து பிளாக் காலியாகிவிட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். நல்லதுதான், கூரையிலிருந்து காரை விழுந்து கம்பி தெரிகிற வீடுகள். சனங்கள் பீரோ, கட்டில், குடம், சில பேர் கதவைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பூனைகள் மட்டும் போகவில்லை.

மூன்றாம் மாடி ஆயா தன் சாம்பல் பூனையைக் கட்டைப்பையில் போட்டு, கொருக்குப்பேட்டையில் பிடித்த வாடகை வீட்டுக்குக் கொண்டுபோனார். அது நாலைந்து நாளில் திரும்பி வந்து, கதவில்லாத பழைய வீட்டில் அடுப்பு மேடைமேல் படுத்திருக்கிறது. போன் பண்ணிச் சொன்னேன். "அதுக்கு நான் வாணாம்பா, அந்த வூடுதான் வோணும்" என்றார். குரலில் கோபம்தான் அதிகம்.

ஏப்ரல் 30

காலையில் ஜேசிபி வந்து நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்தில் உள்ளே ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்று நுழைந்தேன். மாடிப்படிக்கு அடியில், மின்சார மீட்டர்கள் இருந்த மரப்பெட்டிக்குள் மூக்கி குட்டி போட்டிருந்தாள். வெள்ளை, கறுப்பு, செவலை மூன்றும் கலந்த பெட்டை. மூக்கின்மேல் பாதி கறுப்பு, அதனால் அந்தப் பெயர். நாலு குட்டிகள். கண் திறந்திருந்தது, காது இன்னும் நிமிரவில்லை. எப்படியும் இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

தாய் அங்கே இல்லை. இந்த மாதிரி நேரத்தில் குட்டிகளை அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் எல்லாரும் செய்வது. அப்புறம் பாலுக்கு அலைவார்கள், பசும்பால் கொடுப்பார்கள், குட்டிக்கு வயிற்றால் போகும். நான் குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் பிளாக் படிக்கட்டின் கீழே வைத்தேன். டிரைவர் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னதும் அந்த மூலையைக் கடைசியில் பார்த்துக்கொள்கிறேன் என்று மறுபக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

மத்தியானம் வரை மூக்கி வரவில்லை. இரண்டு மணி வாக்கில் வந்து, காலிப் பெட்டியை முகர்ந்து, ஒரு மாதிரி அடித்தொண்டையில் கூப்பிட்டாள். இங்கிருந்து கீச்சென்று பதில் போனது. உடனே ஓடிவரவில்லை. பாதி தூரம் வந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே முன்னங்காலை நக்கினாள். நான் மேலே ஏறிப் போனபிறகுதான் வந்தாள். ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு, நான் வைத்த பெட்டி பிடிக்காமல், இஸ்திரி போடும் அண்ணனின் தள்ளுவண்டிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள். கரி சூடு அங்கே நன்றாகவே இருக்கும். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் வண்டியை நகர்த்தவில்லை.

மே 8

கத்திரி வெயில். சோற்றைவிடத் தண்ணீர்தான் முக்கியம். மண்சட்டி மூன்று வாங்கி நிழலில் வைத்தேன். பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் கொதிக்கிறது.

கீழ் வீட்டு அக்காவோடு சண்டை. வாசலில் எறும்பு, நாற்றம், கால்மிதியில் மூத்திரம். அவர் சொல்வதில் பாதி சரி. தட்டை வைத்துவிட்டுப் போகிறவர்களால்தான் பூனைக்குக் கெட்ட பெயர். அரைமணி நேரத்தில் தின்னாததை எடுத்துக் கழுவிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை குறுக்கே வருகிறது என்று சொன்னதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.

மே 19

ஒரு குட்டிக்குக் கண்ணில் பீளை, மூக்கில் சளி. மாடிப் பையன் அக்கறையாகப் பாதி பாராசிட்டமால் மாத்திரையைப் பொடி பண்ணிக்கொண்டு வந்தான். பிடுங்கிப் போட்டேன். பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது, ரத்தம் கெட்டு உயிரே போய்விடும். நமக்கு ஆகிற மருந்து அதற்கு ஆகாது என்று அவனுக்குச் சொல்லி, வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சு நனைத்துக் கண் துடைக்கிற வேலையைக் கொடுத்தேன். நன்றாகச் செய்கிறான்.

ஜூன் 9

கருத்தடைக்குக் கொண்டுபோக மூக்கியைப் பிடிக்கக் கூண்டு வைத்தேன். மற்ற நாளில் மார்க்கெட்டில் வயிறு நிரம்பியிருக்கும், கூண்டை ஏறெடுத்தும் பார்க்காது. தடைக்காலத்தில் நமக்குக் கிடைக்கிற ஒரே வசதி இந்தப் பசி. நெத்திலிக் கருவாட்டைச் சட்டியில் லேசாக வாட்டி, மிதிபலகைக்குப் பின்னால் போட்டேன். கதவு விழுந்ததும் மூக்கி கூண்டையே புரட்டிவிடுவது போலக் குதித்தாள். பழைய லுங்கியைப் போர்த்தி இருட்டாக்கியதும் அடங்கிவிட்டாள். குட்டிகள் இப்போது தாமாகவே ஈரல் தின்கின்றன, கவலை இல்லை.

ஜூன் 10

வேப்பேரி கால்நடை மருத்துவமனை. 1903-இல் தொடங்கிய கல்லூரி, வரிசையில் ஆடு, கிளி, ஊசிக்குப் பயந்து சத்தம் போடுகிற பெரிய நாய். மூக்கிக்குக் கருத்தடை அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டர், அடுத்த ஈத்து பிடித்துவிட்டிருந்தது என்றார். குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே சினையாகிவிடும். ஒன்பது வாரத்தில் மறுபடி குட்டிகள் வந்திருக்கும். அவர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் தோன்றவில்லை.

அடையாளத்துக்கு இடது காது நுனியைக் கொஞ்சம் நறுக்கியிருக்கிறார்கள்.

ஜூன் 13

மார்க்கெட்டில் மீன் வெட்டும் அக்கா மூக்கியைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குடா காதை வெட்டினே?" என்று கத்தினார். மறுபடி யாரும் பிடித்து வயிற்றைக் கிழிக்காமல் இருக்கத்தான் என்றேன். கத்தியைக் கழுவிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எங்க சந்துல ரெண்டு பொட்ட கீது. கூண்டைக் குட்த்துட்டு போ, நானே புடிச்சி வைக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை கூண்டு அவர் வீட்டுக்குப் போகிறது. கருவாடு அவரே போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.