பாட்டி பாத்த வௌக்கமாறு

2024 அக்டோபர்ல வாட்சாப் பூரா ஒரே வால்நட்சத்திர படம்தான், சுசின்ஷான்-அட்லஸ்னு வாய்ல நுழையாத பேரு. நானும் விடுவனா, மலேசியாவுல கெடா மாநிலம், பாடாங் செராய் பக்கம் எங்க பழைய தோட்டத்துக்கு மோட்டர எடுத்துக்கிட்டு போயி, செம்பனைக்கு நடுவுல லோரி போற மண்ரோட்டுல நின்னேன். மூணு நாள் மழை, ஒண்ணும் தெரியல, கொசுக்கடிதான் மிச்சம். நாலாவது நாள் பொழுது சாஞ்சதும் வெள்ளிக்கு வலது பக்கமா லேசா ஒரு கோடு, வெறுங்கண்ணுக்கு புகை மாதிரி, போன்ல நைட் மோட் போட்டா வாலு நல்லாவே தெரியுது.

வீட்டுக்கு வந்து பாட்டிகிட்ட பெருமையா காட்டுனா, "இதென்னடா சுவத்துல சுண்ணாம்ப ஈஷுன மாதிரி"ன்னு சொல்லிட்டாங்க.

அவங்க பாத்தது 1965ல. அப்ப ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டி பால் எடுக்கறவங்க. தீவாளி கழிஞ்ச கையோட, விடியறதுக்கு முன்ன ஆள் கணக்கெடுக்கற பெரட்டுக்கு போறப்ப கெழக்கால தலைகீழா நிறுத்தி வெச்ச வௌக்கமாறு மாதிரி நின்னுச்சாம், கட்டு கீழ, குச்சியெல்லாம் மேல. கங்காணி பேர் கூப்பிடறத விட்டுட்டு வாயப் பொளந்துக்கிட்டு நின்னாராம்.

கதைன்னு நெனச்சேன், தேடிப் பாத்தா அப்படியே இருக்கு. அது இக்கேயா-செக்கி. ஜப்பான்ல ரெண்டு பேரு, தனித்தனியா, அதே செப்டம்பர் 19 விடியக்காலைல சில நிமிச இடைவெளில கண்டுபிடிச்சது. இக்கேயா பியானோ பேக்டரில வேலை செஞ்சவரு, டெலஸ்கோப்பையும் அவரே செஞ்சுக்கிட்டாரு. அவரும் விடியக்காலைல முழிச்சிருந்த தொழிலாளிதான், எங்க பாட்டி மாதிரி. அக்டோபர் 21ல அது சூரியனோட மேல்பரப்புக்கு சுமார் 450,000 கிலோமீட்டர் பக்கத்துல போயி, வெந்து, மூணா ஒடஞ்சு, அப்புறமும் வெளிய வந்திருக்கு. வாலு மேல நின்னதுக்கும் காரணம் இருக்கு. வாலு பின்னாடி இழுத்துக்கிட்டு வர்ற சமாச்சாரம் இல்ல, சூரிய வெளிச்சமும் சூரியக் காத்தும் தூசியையும் வாயுவையும் தள்ளுறதால எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாத்தான் நீட்டும், திரும்பிப் போறப்ப வாலு முன்னாடி தல பின்னாடி. சூரியன் இன்னும் அடிவானத்துக்கு கீழ, அதனால வௌக்கமாறு நிமிந்து நின்னுச்சு.

தலக்குள்ள இருக்குற கட்டி என்னான்னா தூசி கலந்த ஐஸ்தான், 1950லயே விப்பிள்னு ஒரு அமெரிக்க வானியல்காரரு சொல்லிட்டாரு. 1986ல ஹாலி வால்நட்சத்திரம் வந்தப்ப ஜியோட்டோ விண்கலம் கிட்டப்போயி படம் எடுத்தா கரியவிட கருப்பு. ஐஸ் கச்சாங்க, அதான் எங்க ஊரு துருவுன ஐஸ, கரித்தூள்ல புரட்டுன மாதிரின்னு வெச்சுக்குங்களேன்.

சீனவங்களும் இத வௌக்கமாறு நட்சத்திரம்னுதான் சொல்வாங்க, ராசியில்லாத ஆளத் திட்டுறதுக்கும் அதே வார்த்தைதான். மலாய்ல பிந்தாங் பெரெகோர், வாலுள்ள நட்சத்திரம், அவ்ளோதான்.

பாட்டிக்கு அது வெறும் நட்சத்திரம் இல்ல. 1968ல சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட் வேணும்னு ஆனப்ப, அவங்க அண்ணன் குடும்பத்தோட கப்பலேறி ஊருக்கு போனவருதான், திரும்பி வரல. எல்லாம் அந்த வௌக்கமாறு கூட்டிட்டு போயிருச்சுன்னு இன்னிக்கும் சொல்றாங்க.

நான் கொஞ்சம் மேதாவித்தனமா, புறநானூறுல கபிலர் பாடியிருக்காரு பாட்டி, சனி புகைஞ்சாலும் வால்நட்சத்திரம் தோணுனாலும் பாரியோட பறம்புல வயல் நெறையும், மழை பொய்க்காது, ஏன்னா கோல் கோணாத ராஜான்னு, அப்ப தப்பு நட்சத்திரத்து மேல இல்லல்லன்னு கேட்டேன்.

வெத்தலைய மென்னுக்கிட்டே பாத்தாங்க. "அது எனக்கு தெரியாதாடா? தொரையத் திட்டுனா லயத்து வீட்ட விட்டு வெளிய போவணும், சர்க்காரத் திட்டுனா உள்ள போவணும். நட்சத்திரத்தத் திட்டுனா என்னா பண்ணும்?"

சொல்லிட்டு போன திருப்பிக் குடுத்துட்டாங்க, சீரியல் ஆரம்பிச்சிருச்சாம்.