சந்தா 13,000 ரூபாய். புதுப்பிக்க விடாமல் தடுத்தது வரி

எங்கள் சிறிய அலுவலகத்தில் பில் போடுவதற்கும் கணக்கு எழுதுவதற்கும் பயன்படுத்தும் மென்பொருளின் ஆண்டுச் சந்தா, தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டிய நாளில் நின்றுபோனது. பழைய கணக்குகளைப் பார்க்க முடிந்தது. புதிதாக ஒரு பில்கூடப் போட முடியவில்லை. விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குரிய 11ஆம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பிரிவு வங்கியைக் கேட்கச் சொன்னது. வங்கியோ, கார்டில் எந்தக் குறையும் இல்லை, பணம் கேட்டுத் தங்களுக்குக் கோரிக்கையே வரவில்லை என்றது. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை என்பதால் யாரிடம் சண்டை போடுவதென்றும் தெரியவில்லை.

விடை நெட்பேங்கிங்கில், கார்டு பகுதிக்குள் ஒளிந்திருந்த ஈ-மேண்டேட் (தானாகப் பணம் பிடிக்க நாம் தரும் அனுமதி) பக்கத்தில் இருந்தது. சென்ற ஆண்டு நாங்கள் பதிவு செய்த அனுமதிக்கு எதிரே, அதிகபட்சத் தொகை 15,000 ரூபாய் என்றிருந்தது. கார்டிலிருந்து ஓடிபி இல்லாமல் தானாகப் பிடிக்கப்படும் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக அமலானது. ஓடிபி இல்லாமல் பிடிக்கக்கூடிய தொகைக்கு அப்போது 5,000 ரூபாயாக இருந்த வரம்பு 2022 ஜூனில் 15,000 ஆக உயர்ந்தது. சென்ற ஆண்டு எங்கள் சந்தா 12,500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 14,750. இந்த ஆண்டு விலை 13,000 ஆனதும் மொத்தம் 15,340 ஆகி வரம்பைத் தாண்டிவிட்டது. விலைப் பக்கத்தில் வரி இல்லாத தொகை மட்டுமே தெரிவதால், “உங்கள் தொகை வரம்புக்குள்தானே இருக்கிறது” என்று உதவிப் பிரிவினர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பணம் பிடிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கியிடமிருந்து முன்னறிவிப்பு வர வேண்டும். அது வரவில்லையென்றால், புதுப்பித்தல் நடக்காது என்று அப்போதே சந்தேகப்படலாம்.

அடுத்து, திட்டத்தை மறுபடியும் புதிதாகத் தேர்ந்தெடுக்கும்படி உதவிப் பிரிவு சொன்னது. அதைச் செய்ய வேண்டாம். பழைய சந்தா நிலுவையில் நிற்க, அதற்குப் பக்கத்திலேயே இரண்டாவது சந்தா தொடங்கிவிடும் என்று கட்டண உறுதிப் பக்கத்தின் கடைசி வரி சிறிய எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வெளியேறி, பில்லிங் வரலாற்றில் நிலுவை என்று குறிக்கப்பட்டிருந்த இன்வாய்ஸைத் திறந்து ஓடிபி கொடுத்துக் கட்டியதும் பூட்டு உடனே திறந்தது.

அத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டும்போது கார்டு விவரம் கேட்ட படிவம், பழைய பில்லிங் முகவரியை அழித்துவிட்டுப் புதியதைப் பதிந்துகொண்டது; அதோடு எங்கள் ஜிஎஸ்டி எண்ணும் போயிற்று. எண் இல்லாத இன்வாய்ஸ், நாம் வாங்கியவற்றுக்கான வரியை ஜிஎஸ்டி தளம் காட்டும் 2பி அறிக்கையில் வராது, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவான 2,340 ரூபாயும் கிடைக்காது. இன்வாய்ஸ் வெளியான பின் மாற்ற இயலாது என்றே முதலில் பதில் வந்தது. பழைய இன்வாய்ஸை ஈடுகட்டும் கிரெடிட் நோட் கொடுத்துவிட்டுப் புதிய இன்வாய்ஸ் போடலாமே என்று எங்கள் ஆடிட்டர் சொல்லித்தந்த வாசகத்தை அப்படியே எழுதி அனுப்பிய பிறகு, 33 என்று தொடங்கும் எங்கள் எண்ணுடன் சரியான இன்வாய்ஸ் வந்துசேர்ந்தது.

மாதச் சந்தாவுக்கு மாறினால் வரம்புக்குள் அடங்கும். ஆனால் ஆண்டுக் கணக்கில் கூடுதலாகச் செலவாகும். ஆகவே தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டையே நிறுத்திவிட்டு, இன்வாய்ஸை முன்கூட்டியே வாங்கி வங்கிப் பரிமாற்றத்தில் கட்டுவதென்று முடிவு செய்திருக்கிறோம். நிறுவனமும் அதற்கு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.