பாயிண்ட்டுக்காகத் திறந்த செயலி

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்த நாட்களில் அலுவலகத்தில் எட்டு வாரத் திட்டம் ஒன்று வந்தது. மனநலச் செயலியைத் தினமும் பயன்படுத்தினால் பாயிண்ட் ஏறும். வாரக் கடைசியில் அது பணமாகக் கணக்கில் விழும். காசுக்காகத்தான் சேர்ந்தேன், மறைப்பானேன்.

முதல் நாள் மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு, ஆர்வமெல்லாம் எப்படி என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்சம் 27. எனக்கு 13. மிதமான மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள் என்றது செயலி. பார்க்கவில்லை.

இரண்டு வாரம் ஒழுங்காகப் போனது. அப்புறம் திருட்டுத்தனம். மனநிலைக் குறிப்பில் வாய்க்கு வந்ததை எழுதுவேன். மூச்சுப் பயிற்சி ஆடியோவை ஓடவிட்டுப் பல் துலக்கப் போவேன். பாயிண்ட் மட்டும் குறையாமல் ஏறியது. புதிர் விளையாடக் காசு கொடுத்துப் பார்த்த உளவியலாளர் எட்வர்ட் டெசியின் 1971 ஆய்வைப் பற்றி அப்போதுதான் படித்தேன். காசு நின்றதும் ஆர்வமும் குறைந்ததாம். ஒன்பதாவது வாரம் நான் என்ன செய்வேன் என்று பயம் பிடித்தது.

நடைப் பயிற்சியில் மட்டும் ஏமாற்ற முடியவில்லை. போனைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அதற்கு நடப்பதே மேல். நடந்த நாட்களில் தூக்கம் கொஞ்சம் சீக்கிரம் வந்தது. ஒன்பதாவது வாரம் செயலியை அழித்தேன், நடை நிற்கவில்லை.

ஆனால் ஒரு கோபம் இன்னும் இருக்கிறது. ஐந்தாவது வாரம் ஒரு நாள் படுக்கையைவிட்டு எழவே முடியவில்லை. ஒரு நாளும் விடாமல் வந்த தொடர்ச்சி, அதாவது ஸ்ட்ரீக், உடைந்தது, போனஸ் போனது, சிவப்பு எழுத்தில் அறிவிப்பு வேறு. எழ முடியாத நாட்கள் வரும் என்பதால்தானே இதில் சேருகிறோம்? அதற்கே அபராதமா? இனி என்ன எழுதினாலும் பாயிண்ட் இல்லை என்ற எரிச்சலில் அன்றிரவு குறிப்பில் கொட்டித் தீர்த்தேன்.

ஆறாவது வாரம் மனநல ஆலோசகரிடம் போனேன். முதல் சந்திப்புக்குத்தான் பாயிண்ட் அதிகம், சரி. குறிப்புகளைப் பற்றிக் கேட்டார். பாதிக்கு மேல் பொய் என்றேன். அவர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை.

“உண்மையாக எழுதின நாள் ஏதாவது இருக்கிறதா?”

ஸ்ட்ரீக் உடைந்த நாளைத் திறந்து, போனை அவரிடம் நீட்டினேன்.