நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்கு அப்பால்

டிவி, ஆம்ப்ளிஃபயர், இன்வர்ட்டர் போர்டுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். வயது 46. இப்போது வரும் போர்டுகளில் பல ரெசிஸ்டர்கள் 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 மில்லிமீட்டர் அகலம்தான். அதன் முதுகில் மூன்று இலக்கம் அச்சிட்டிருக்கும். 153 என்றால் 15 கிலோ ஓம், 183 என்றால் 18 கிலோ ஓம். இரண்டுமே புழக்கத்தில் உள்ள மதிப்புகள் என்பதால் ஊகித்துப் போடவும் வழியில்லை. அச்சை மட்டமாகப் போடுகிறார்கள் என்று கம்பெனிக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். காலையில் ஜன்னலோரம் பளிச்சென்று தெரிந்த அதே எண் சாயங்காலம் கரைந்துபோனபோதுதான் அச்சு மேல் தப்பில்லை என்று உறைத்தது.

வயது ஏற ஏறப் பக்கத்தில் இருப்பது மங்குகிற வெள்ளெழுத்தின் சுபாவமே இதுதான். நல்ல வெளிச்சத்தில் கண்மணி சுருங்கிவிடும். சின்னத் துளை வழியாகப் பார்க்கும்போது கொஞ்சம் முன்பின் இருப்பதும் தெளிவாகவே தெரியும். வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரியும், குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் பெஞ்சுக்கு மேலே இன்னொரு விளக்கு, அப்புறம் செல்போன் டார்ச், கடைசியில் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்ப்பது என்று பல மாதங்கள் ஓட்டலாம். ஓட்டினேன்.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சிறு வயதில் வளைந்து கொடுக்கும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத் தடித்துக்கொள்ளும், தூரத்துக்கு மெலிந்துகொள்ளும். அந்த நெகிழ்வைக் குழந்தைப் பருவத்தில் அளந்தால் பத்து டையாப்டருக்கு (லென்ஸ் பவரை அளக்கும் அலகு) மேலே இருக்கும். லென்ஸ் வருடா வருடம் இறுகிக்கொண்டே வருவதால் நாற்பதுகளின் நடுவில் மூன்று, நான்குதான் மிஞ்சும். கணக்கு எளிது. 25 சென்டிமீட்டரில் உள்ளதைப் பார்க்க 4 டையாப்டர் வேண்டும். சாலிடரிங் செய்யும்போது என் முகம் போர்டிலிருந்து அந்தத் தூரத்தில்தான் இருக்கும். கையில் இருப்பதையெல்லாம் கொட்டினாலும் பற்றாக்குறைதான். நெற்றிப்பொட்டில் வலி வராமல் என்ன செய்யும்?

ரெடிமேட் கண்ணாடி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு. அவசரத்துக்குத் தப்பில்லை. ஆனால் அதில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும், கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் இருக்காது. எனக்கு இடது கண்ணில் 0.75 சிலிண்டர் இருக்கிறது என்பது பரிசோதனையில்தான் தெரிந்தது. அதோடு கண் அழுத்தமும் பார்த்தார்கள், விழித்திரையும் பார்த்தார்கள். கண் நீர் அழுத்த நோய் வலியில்லாமல், அறிகுறி காட்டாமல் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். நாற்பதைத் தாண்டியவர் கண்ணாடியே வாங்காவிட்டாலும் இதற்காகவாவது ஒருமுறை போய்வர வேண்டும் என்பது என் கட்சி.

என்னைப் பார்த்த கண் பரிசோதகர் விவரமான பெண். எழுத்து அட்டையை நீட்டுவதற்கு முன்பே, "சார், நீங்க வேலை பார்க்கும்போது பொருள் எவ்வளவு தூரத்துல இருக்கும்? கையை வச்சுக் காட்டுங்க" என்றார். காட்டினேன். ஸ்கேல் வைத்து அளந்தார். படிப்பதற்கு பிளஸ் 1.50 போதும், பெஞ்சுக்கு 2.25 வேண்டும் என்று இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்தார். எதற்கு இரண்டு என்று அப்போது தோன்றியது.

முதலில் பெஞ்சுக் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு போர்டைப் பார்த்தேன். 153. சந்தேகமே இல்லை. சாலிடர் ஓரங்களில் இருந்த நுண்ணிய கீறல்கூடத் தெரிந்தது. கடந்த சில மாதங்களில் நான் வைத்த சாலிடர்களைப் பார்க்கவும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அதை விடுங்கள். நிமிர்ந்து மல்டிமீட்டரைப் பார்த்தால் எண்கள் புகைந்திருந்தன. சுவர்க் கடிகாரம் வெறும் வட்டம்.

பவருக்கு உள்ள விலை அது. ஒன்றை 2.25-ஆல் வகுத்தால் 0.44 மீட்டர் வரும். அந்தக் கண்ணாடியில் என் உலகம் சுமார் 45 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் கண் எவ்வளவு முயன்றாலும் பலனில்லை. என் மீட்டர் இருந்ததோ கைநீள தூரத்தில். பெஞ்சைத் திருத்தி அமைத்தேன். மீட்டரைப் பக்கவாட்டில் ஒரு தாங்கியில் வைத்து முகத்துக்கு அருகே கொண்டுவந்தேன். சர்க்யூட் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேஜையில் பரப்பிக்கொண்டேன். கண்ணாடிக்குப் பழகுவது என்று எல்லோரும் மூக்கையும் காதையும் பற்றித்தான் பேசுகிறார்கள். மூக்கில் விழும் தழும்பு நான்கு நாளில் மறந்துவிடும். எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் பெரிய வேலை.

மனிதர்களை நகர்த்தி வைக்க முடியாது. வாசலில் யாராவது வந்தால் முகம் மங்கலாகத் தெரியும். அதனால் ஃப்ரேமுக்கு மேலே புருவத்தை உயர்த்திப் பார்ப்பேன். என்னிடம் வேலை கற்கும் பையன் ஒருநாள் சொல்லிவிட்டான்: "அண்ணே, அப்படிப் பார்க்காதீங்க. கடன் கேட்டு வந்தவங்களைப் பார்க்கிற மாதிரி இருக்கு."

வெளிவேலைக்குப் புரோக்ரெசிவ் லென்ஸ் எடுத்தேன். மேலே தூரப் பார்வை, நடுவில் இடைத் தூரம், கீழே படிக்கும் பவர், இடையில் கோடு இல்லை. 1959-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்த சங்கதி. கெட்டிக்காரத்தனமான பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் கீழ்ப்பகுதியில் இரண்டு ஓரமும் கலங்கலாக இருக்கும். பவரைக் கோடில்லாமல் மாற்றினால் அந்தக் கோளாறு எங்காவது ஒதுங்கித்தானே ஆக வேண்டும்? கண்ணை மட்டும் திருப்பினால் தரை அலைபோல் ஆடும். மூக்கைத் திருப்ப வேண்டும். படி இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தினால் படிக்கும் பவர் வழியாகப் பார்ப்போம், படி மங்கிவிடும். தாடையை நெஞ்சில் இடிக்கிற அளவுக்குத் தலையைக் குனிய வேண்டும். ஃப்ரேம் கொஞ்சம் சரிந்தாலும் மூன்று பகுதியும் இடம் மாறிவிடும் என்பதால் மூக்குத் தாங்கியைச் சரியாக முடுக்கி வாங்குவது முக்கியம். இரண்டு வாரம் பொறுங்கள் என்றார் பரிசோதகர். ஆட்டம் அதற்கு முன்பே நின்றுவிட்டது.

இந்த விஷயத்தில் எனக்கு, பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினைத்தான் பிடித்திருக்கிறது. இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போடுவதில் சலித்துப்போய், இரண்டு லென்ஸையும் பாதியாக வெட்டவைத்து ஒரே வளையத்தில் பொருத்திக்கொண்டாராம். 1785-இல் ஒரு கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார். எதிரே பேசுபவரின் முகம் தெளிவாகத் தெரிவதால் பிரெஞ்சு மொழியே இன்னும் நன்றாகப் புரிகிறது என்றும் அதில் சொல்கிறார். நடுவில் கோடு இருந்தால் என்ன, எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

புரோக்ரெசிவ் எனக்குத் தீர்க்காத ஒன்று, தலைக்கு மேலே செய்யும் வேலை. சுவரில் உயரமாக மாட்டிய இன்வர்ட்டரைத் திறந்தால் டெர்மினல் எண்களைப் படிக்கக் கீழ்ப்பகுதி வழியாகத்தான் பார்க்க முடியும். அதற்குக் கழுத்தை முழுக்கப் பின்னால் மடக்க வேண்டும். ராத்திரி பிடரி பிடித்துக்கொள்ளும். மேல்பக்கமும் படிக்கும் பவர் வைத்த லென்ஸ் இருக்கிறது, எலக்ட்ரீஷியன்களுக்கு ஏற்றது. நான் இப்போதைக்கு ஏணியில் இன்னும் இரண்டு படி ஏறி, பெட்டியை நெஞ்சு உயரத்துக்கு வரவைத்துவிடுகிறேன்.

சாலிடரிங் செய்யும்போது எழும் ஃப்ளக்ஸ் புகை லென்ஸில் படிவது தனித் தொல்லை. உலர்ந்த சட்டை நுனியால் தேய்த்தால் மேல்பூச்சு கீறிவிடும். தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டு சோப்புத் திரவம் தடவிக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றினால் போதும். குனிந்தே வேலை செய்பவர்கள் பின்னால் கயிறு கட்டிக்கொள்ளலாம். கிழவனார் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சிரித்தார்கள். சூடான போர்டில் கண்ணாடி விழுவதற்கு இது பரவாயில்லை.

பவர் இத்தோடு நிற்காது, அறுபதை ஒட்டித்தான் நிலைக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்து 2.50 வந்தால் என் எல்லை 40 சென்டிமீட்டர். அதனால் மீட்டர் தாங்கியை ஆணி அடித்து இறுக்கவில்லை, நகர்த்துகிற மாதிரிதான் வைத்திருக்கிறேன்.