துணிக்குக் காவல்

சுருளிக்குப் போக வேண்டும் என்று அத்தை சொன்னதும் துண்டு, மாற்றுத்துணி, நல்லெண்ணெய் என்று எடுத்து வைக்கத் தொடங்கினேன். சுருளி என்றால் எனக்கு அருவிதான். அத்தை பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏய்யா, குளிக்கிறது கெடக்கட்டும். நான் கொகைக்குப் போகணும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மாமா இருந்தவரை ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டுக்கும் தவறாமல் சுருளிக்குப் போவார்கள். கல்யாணம் ஆன வருடத்திலிருந்து உள்ள பழக்கம். இத்தனை வருடத்தில் அந்தக் குகையைப் பார்க்காமலா இருப்பார்? கேட்டேவிட்டேன்.

"உங்க மாமா மேல ஏறுவாரு. நான் கீழ துணிமணிக்குக் காவலு. கொரங்கு தூக்கிட்டுப் போயிருமில்ல?"

அத்தைக்கு இப்போது 68 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. மாமா போய் இரண்டு வருடம் ஆகிறது. மகன் துபாயில் இருப்பதால் இந்தத் தை அமாவாசைக்குத் திதி கொடுக்கும் பொறுப்பு மருமகனான என் தலையில் விழுந்தது.

தேனியிலிருந்து சுருளி 56 கி.மீ. கம்பம் வரை நேர்ச்சாலை, அங்கிருந்து 10 கி.மீ. உள்ளே போக வேண்டும். சுருளிப்பட்டி பக்கம் வந்துவிட்டால் இரண்டு புறமும் திராட்சைப் பந்தல்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்களில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு, இங்கே வருடம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடந்துகொண்டே இருக்கும். பந்தல்கள் முடிகிற இடத்தில் மலை எழுந்து நிற்கிறது. விடிந்தும் விடியாத நேரம், மலையின் இடுப்பு வரை மேகம்.

வனத்துறை வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. அருவிப் பக்கம் யானை நடமாட்டம், இன்னும் திறக்கவில்லை என்றார்கள். முணுமுணுக்க ஒன்றுமில்லை. இது மேகமலைக் காடு. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூரையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள், தமிழ்நாட்டில் அது ஐந்தாவது. யானை தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும், நாம் அப்புறம் போகலாம். அத்தையும் அதையேதான் சொன்னார், வேறு விதமாக: "பிள்ளையாரு மொதல்ல குளிக்கட்டும்யா."

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே விட்டார்கள். மருத மரங்களின் நிழலில் ஆறு சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீர் மேகமலை உச்சியிலிருந்து இறங்கி, கீழே முல்லையாற்றில் சேர்ந்து, கடைசியில் வைகையோடு கலக்கிறது. மதுரையில் நாம் பார்க்கும் வைகையின் ஒரு கை இங்கிருந்துதான் நீள்கிறது.

கரையெங்கும் திதி கொடுக்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கும் ஓர் இடம் கிடைத்தது. விரலில் தர்ப்பை மோதிரம், முன்னால் வாழையிலை, எள், மாவுருண்டை. மந்திரம் சொன்னவர் அவசரத்தில் இருந்தார், எங்களுக்குப் பின்னால் ஆறு குடும்பம் காத்திருந்தது. அப்பாவின் பெயர், தாத்தா பெயர் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், மாமாவின் பெயரை மட்டும் தப்பாகச் சொன்னார். நான் திருத்துவதற்குள் அத்தை குரல் கொடுத்துவிட்டார். எத்தனை வருடமாக அந்தப் பெயரை வாயால் சொல்லாமல் இருந்தவர்! சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிண்டத்தை ஆற்றில் விட்டு மூன்று முழுக்குப் போட்டேன். தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திதி முடித்தவர்கள் கட்டியிருந்த வேட்டி, சேலையை அப்படியே ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பாறை இடுக்கிலெல்லாம் பழந்துணி சிக்கிக் கிடக்கிறது. முன்னோர் யாரும் துணியை ஆற்றில் போடச் சொல்லியிருக்க மாட்டார்கள். யானை குடிக்கிற தண்ணீர் அது.

அருவிக்குப் போகும் வழியில் பூதநாராயணர் கோயிலில் கும்பிட்டோம். இராவணனின் கொடுமை தாங்காத தேவர்கள் இந்த மலைக்குகையில் கூடித் திருமாலிடம் முறையிட்டார்களாம். மோப்பம் பிடித்துக்கொண்டு வந்த இராவணனின் முன்னால் பெருமாள் பூத உருவில் எழுந்து நின்று வழி மறித்தார் என்கிறது தலக்கதை. ஒளிந்துகொள்ள ஏற்ற மலைதான். அருவியைச் சுற்றி 18 குகைகள் இருப்பதாகச் சொல்வார்கள். சித்தர்கள் இன்னும் அவற்றில் இருக்கிறார்கள் என்பது ஊர் நம்பிக்கை. சிவன், பெருமாள், வேலப்பராக முருகன் என்று எல்லாரும் இங்கே குடியிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு தர்காவும் உண்டு. அத்தை எல்லாப் பக்கமும் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கண்ணகி வைகைக் கரையைப் பிடித்து நடந்து வந்து ஏறியதாகச் சிலப்பதிகாரம் சொல்கிற நெடுவேள் குன்றம் இந்தச் சுருளிமலைதான் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடலூருக்கு மேலே, சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் திறக்கும் மங்கலதேவி கோயில் இருக்கிற மலைதான் என்பவர்களும் உண்டு. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. புருஷனை இழந்த ஒருத்தி இந்தப் பக்கத்து மலை ஒன்றில் ஏறினாள் என்பது மட்டும் அன்றைக்கு என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

சுருளி அருவி இரண்டு கட்டமாக விழுகிறது. மேலே 150 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர் ஒரு தடாகத்தில் தேங்கி, மறுபடி 40 அடி இறங்குகிறது. அந்த இரண்டாவது இறக்கத்தில்தான் நாம் தலையைக் காட்டுவது. அமாவாசைக் கூட்டம் நெருக்கியடித்தது. இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. எனக்குக் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அத்தை என் சட்டையைப் பிடித்து இழுத்து மலைப்பக்கம் கையைக் காட்டினார்.

கைலாசநாதர் குகை அருவிக்கு மேலே சுமார் 800 மீட்டர். சமதரையில் பத்து நிமிட நடை. எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தை பத்தடி நடப்பார், ஒரு பாறையில் உட்காருவார், "போலாம்யா" என்று தானே எழுந்துகொள்வார். கையைப் பிடிக்கப் போனால் தட்டிவிட்டார். ஒரு திருப்பத்தில் மரக்கிளையில் மலை அணில் ஒன்று நீளமான வாலைத் தொங்கவிட்டு எங்களையே பார்த்தது. வேறு நேரமாக இருந்தால் போனை எடுத்திருப்பேன். மேலே போகப் போக அருவிச் சத்தம் குறைந்து, இலைகளின் சலசலப்புப் போல ஆகிவிட்டது. வழியில் இறங்கி வந்த ஒரு பெரியவர் அத்தையைப் பார்த்து, "மெதுவா வாங்கம்மா, சாமி எங்கயும் போயிராது" என்றார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே இருபது அடி ஏறினார்.

குகை வாசலில் குனிய வேண்டும். முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கற்பூர வாசமும் ஈரப்பாறையின் வாசமும் கலந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் விளக்கின் சுடர், அப்புறம் அதற்குப் பின்னால் லிங்கம், அதன் தலையில் இரண்டு வில்வ இலை. அவ்வளவுதான். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும்.

அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?"

பூசை செய்தவருக்குக் காதில் விழுந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சங்கடப்பட்டு நெளிந்தேன். அத்தை மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார், சாமி முன்னால் நீட்டக் கூடாது என்று நினைவு வந்து மடக்கப் பார்த்தார், முடியவில்லை. "கெடக்கட்டும்மா" என்றார் பூசை செய்தவர்.

வந்தவர்கள் கும்பிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு போனார்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறோமே என்று நான் வெளியே வந்து நின்றேன். உள்ளே எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அத்தை அப்படியே இருந்தார். கண் திறந்திருந்தது, உதடு அசையவில்லை. சுவரில் ஒரு இடத்தை மட்டும் உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். நிறையப் பேர் சாய்ந்து சாய்ந்து வழவழப்பான இடம்.

இறங்கும்போதுதான் பேசினார்.

"மேல போனா ரெண்டு மணி நேரம் ஆக்குவாரு. அங்க என்ன செஞ்சீகன்னு கேட்டா, சும்மா உக்காந்திருந்தேன்பாரு. நான் நம்புனதே இல்ல. பெரிய கோயிலு, கோபுரமெல்லாம் இருக்கும், சுத்திப் பாத்துட்டு வாராருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"கோபமா அத்தை?"

"ஒரு கோவமும் இல்ல. சும்மாதான்யா உக்காந்திருந்திருக்காரு."

அருவிக்குத் திரும்பியபோது கூட்டம் கொஞ்சம் வடிந்திருந்தது. பெண்கள் குளிக்கும் பக்கத்தில் இடம் தெரிந்தது. நான் நல்லெண்ணெய்ப் புட்டியை வெளியே எடுத்தேன். அத்தை அதை என் கையிலிருந்து வாங்கி உச்சந்தலையில் ஒரு கை வைத்துத் தேய்த்துக்கொண்டார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டார், மாற்றுச் சேலையை மடியில் வைத்தார், திருநீற்றுப் பொட்டலத்தை என் கையில் திணித்தார்.

"நனையாமப் பாத்துக்க. கொரங்கு வரும்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனார். எனக்கு முன்னால் ஒரு தாட்டியான குரங்கு வந்து உட்கார்ந்து, மடியில் இருந்த பையை நோட்டம் விட்டது. நான் பையை இறுக்கிக்கொண்டு அருவியைப் பார்த்தேன். வெள்ளைத் தண்ணீருக்குள் அத்தையின் தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. அரை மணி நேரம் ஆகியும் வெளியே வரவில்லை.